சட்டி பானைக்கெல்லாம் இரண்டு பெயர்

இன்று காலை ரத வீதி நாட்டுமருந்துக் கடைக்குச் சுக்கு வாங்கப் போனேன். கடைக்காரர் அப்போதுதான் ஒரு சாக்கைப் பிரித்து வைத்திருந்தார். சதகுப்பை. அந்த மணம் எழுந்து வந்து என் மூக்கைப் பிடித்தது. மூக்கோடு சேர்த்து என்னையும் பிடித்துத் தென்காசியிலிருந்து குற்றாலம் வரைக்கும் தரதரவென்று இழுத்துக்கொண்டு போயிற்று. எந்தக் குதிரைவண்டியும் என்னை அத்தனை வேகமாகக் கொண்டுபோனதில்லை.

“அதுலயும் ஒரு கை அள்ளிப் போடும்” என்றேன்.

கடைக்காரர் தராசைக் கீழே வைத்துவிட்டார். சதகுப்பை, பிள்ளை பெற்றவளுக்கு இடித்துக் கொடுக்கிற மருந்தில் சேர்ப்பது. என் வீட்டிலோ நானும் சில பல்லிகளும்தான் குடித்தனம்.

“யாருக்கு அண்ணாச்சி பேறுகாலம்?”

“எனக்குத்தாம்வே. இரட்டைப் புள்ளைன்னு சொல்லுதாக. நெறுத்துப் போடும்.”

கடையில் நின்றவர்கள் சிரித்த சிரிப்பில் பெருங்காய டப்பா உருண்டு தெருவுக்கு வந்தது. நீ இருந்திருந்தால் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, “இவுக வாய்க்கு ஒரு பூட்டு இல்லையே” என்று சொல்லியிருப்பாய். பூட்டு என்பதை நீ எந்தப் பாஷையில் சொல்லியிருப்பாய் என்பது வேறு விஷயம். அங்கேதான் எனக்கு வயிற்றெரிச்சல் ஆரம்பமாகிறது.

பொறாமைதான். மூடி மறைக்க ஒன்றுமில்லை. ஒரு சீசனுக்கு நம் குற்றாலத்து வீட்டில் வந்து தங்கிய துரைசானி கப்பலேறிப் போய் எத்தனையோ வருஷமாகிவிட்டது. நீயும் போன ஐப்பசியோடு போய்விட்டாய். இருவருமே இல்லாத வீட்டில் பொறாமைக்கு என்ன வேலை என்று கேட்பாய். என் பொறாமையை நீ குறைத்து எடைபோடுகிறாய். பொதிகைமலை தேய்ந்து அம்மிக்குழவி ஆனாலும் அது தேயாது. ராவணனுக்குப் பத்துத் தலையிலும் சேர்த்து இருந்த பொறாமை, என் ஒரு வயிற்றுக்குக் காலைப் பலகாரத்துக்குக் காணாது.

குற்றாலத்து வீட்டை நினைத்துப் பார்க்கிறேன். என் அப்பா விட்டுப்போன ஒரே சாம்ராஜ்யம். முன்கட்டு சீசனுக்கு வருகிறவர்களுக்கு, பின்கட்டு நமக்கு. ஆனி மாதம் சாரல் இறங்கியதும் தென்காசி வீட்டைப் பூட்டிவிட்டு வண்டி கட்டிக்கொண்டு போய்விடுவோம். வெறும் வீட்டுக்கு யாரும் வரமாட்டார்கள். சட்டி, பானை, அம்மி, கட்டில், விளக்கு, வாளி என்று சகலமும் சேர்த்துத்தான் வாடகைக்குக் கொடுக்க வேண்டும். அந்தச் சாமான்களுக்கெல்லாம் நீதான் மகாராணி. கடை கண்ணிகளில் சீட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குவார்கள். நீ எழுத்து அறியாதவள். அதனால் ஒரு முறை வைத்திருந்தாய். ஒவ்வொரு சாமானையும் எடுத்து, அதன் பெயரை உரக்கச் சொல்லி, குடிவந்த பெண்ணின் கையில் வைப்பாய். அவளும் பெயரைத் திருப்பிச் சொல்லி வாங்கவேண்டும். சீசன் முடிந்து போகிறபோது அவள் பெயர் சொல்லிக் கொடுப்பாள், நீ பெயர் சொல்லி வாங்குவாய். “பேரு சொல்லிக் குடுத்த பொருளு வழி தெரிஞ்சு திரும்பி வந்துரும்” என்பாய். வந்தும் இருக்கிறது. ஒரு டம்ளர்கூட நம்மைவிட்டுப் போனதில்லை.

அந்த வருஷம் முன்கட்டுக்கு ஒரு வெள்ளைக்காரத் துரை முன்பணம் அனுப்பியிருந்தார். செங்கோட்டைக்கு மேலே மலையில் தேயிலைத் தோட்டம். மனைவிக்கு மலைக்காய்ச்சல் வந்து தேறியிருக்கிறது, சாரல்காற்றில் சிலகாலம் இருக்கட்டும் என்று டாக்டர் சொன்னாராம். செய்தி கேட்ட நாள் முதல் நான் இங்கிலீஷைத் தீட்ட ஆரம்பித்தேன். நாலாம் பாரம் வரை படித்த இங்கிலீஷ். சாதாரண இங்கிலீஷா அது? தென்காசிக் கோபுரம் இடி விழுந்து பிளந்தது என்று ஊரார் சொல்கிறார்கள். நான் கோயில் வாசலில் நின்று ஒரு கலெக்டருக்கு வரவேற்பு வாசித்ததன் விளைவு அது என்பது எனக்கு மட்டும் தெரியும். துரைசானி வந்து இறங்கினால் அவள் சொல்வதை உனக்கும், நீ சொல்வதை அவளுக்கும் எடுத்துச் சொல்ல என்னைவிட்டால் இந்தச் சீமையில் ஆள் ஏது? அந்த ஒரு சீசனுக்காவது நீ என் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பாய் என்று நினைத்தேன்.

வந்து இறங்கினாள். மெலிந்த உடம்பு, வெளுத்த முகம், கழுத்தில் சிறிய சிலுவை. துரை அவளைக் கொண்டுவந்து விட்டுவிட்டு அன்றைக்கே மலையேறிவிட்டார். நான் அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டு தொண்டையைக் கனைப்பதற்குள் நீ சாமான்களை எடுத்துவைக்க ஆரம்பித்துவிட்டாய்.

“செம்பு.”

“செம்பு” என்றாள் அவள், பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி.

“குத்துப்போணி.”

அந்தப் பாத்திரத்தின் பெயருக்கு அவள் நாக்கு மூன்று இடத்தில் தடுக்கி விழுந்தது. நீ சிரித்தாய். அவளும் சிரித்தாள். அப்புறம் நீ ஒரு தேக்கரண்டியை எடுத்து “கரண்டி” என்றாய். அவள் அதைக் கையில் வாங்கிப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு தன் நெஞ்சைத் தொட்டுக்கொண்டு மெல்ல, “லோஷ்கா” என்றாள்.

பெயர் சொன்னால் திருப்பிச் சொல்லவேண்டும் என்பது உன் சட்டமல்லவா? நீயும் சொன்னாய். “லோஷ்கா.”

அவ்வளவுதான். அவள் கரண்டியை மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியிலேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள்.

என் இங்கிலீஷுக்கு வேளை வந்தது என்று பாய்ந்தேன். விசாரித்தேன். அவள் இங்கிலீஷ்காரியே அல்ல, ருஷ்யாக்காரி. சிறுபெண்ணாக இருந்தபோது அவள் தேசத்தில் பெருங்கலகம். தாயும் மகளுமாக ஊர் ஊராக ஓடிக் கப்பலேறியிருக்கிறார்கள். வழியில் தாய் போய்விட்டாள். கொழும்பில் இந்தத் துரையைக் கட்டிக்கொண்டாள். ‘என் அம்மா போனபிறகு இந்தச் சொல்லை இன்னொரு வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை’ என்றாள். நான் அதற்கு வேண்டிய அலங்காரங்களைச் சேர்த்து உனக்குத் தமிழில் சொன்னேன்.

 நீ அவள் பக்கத்தில் உட்கார்ந்து, “பாவம். அப்ப எல்லாத்துக்கும் அவ பேரையும் சொல்லச் சொல்லுங்க, நானும் சொல்லுதேன்” என்றாய்.

அதையும் எடுத்துச் சொன்னேன்.

“சரி, நீங்க போயி காப்பி குடிச்சிட்டு வாங்க” என்றாய்.

என் உத்தியோகம் முடிந்தது. ராஜாங்கத்தில் எத்தனையோ திவான்கள் பதவி இழந்திருக்கிறார்கள். ஒரு கரண்டியால் பதவி இழந்தவன் நான் ஒருவன்தான்.

அதற்குப் பிறகு நம் வீட்டுச் சாமான்கள் ஒவ்வொன்றாக மதம் மாற ஆரம்பித்தன. என் அப்பா படுத்து, நான் படுத்த கட்டில் க்ரவாத் ஆயிற்று. தலையணை பதூஷ்கா. கிணற்றடிக்குப் போனால் வாளியை நீ வெத்ரோ என்கிறாய். பழகிய நாய்க்குட்டி மாதிரி அதுவும் உன் பின்னால் வருகிறது. ஜன்னல் அக்னோ. துண்டுக்கு அவர்கள் பாஷையில் வைத்திருக்கிற பெயர் துண்டைவிட நீளம். அதைச் சொல்லி முடிப்பதற்குள் தலை தானே காய்ந்துவிடும். அதையும் நீ சொன்னாய். முன்கட்டுக்கும் பின்கட்டுக்கும் நடுவில் இருந்த அரைச்சுவரில் அவள் அந்தப் பக்கமும் நீ இந்தப் பக்கமும் சாய்ந்துகொண்டு, ஒரு முறத்தைக் காட்டி ஒரு மணி நேரம் சிரித்தீர்கள். முறத்தில் சிரிக்க என்ன இருக்கிறது? நான் அத்தனை வருஷம் உனக்கு எத்தனை விகடம் சொல்லியிருக்கிறேன்! ஊரே விழுந்து விழுந்து சிரிக்கும். நீ, “சரி சரி, எண்ணெய் தீந்துபோச்சு” என்பாய். அந்தச் சிரிப்பை யாருக்காக இவ்வளவு நாள் பரணில் போட்டு வைத்திருந்தாய் என்று எனக்கு அன்றைக்குத் தெரிந்தது.

சதகுப்பையும் அந்த வாரத்துச் சங்கதிதான். அவள் ஊரில் அந்தச் செடியின் தழையை எல்லாக் குழம்பிலும் தூவுவார்களாம். தழைக்கு எங்கே போவது? விதையாவது வாங்கி வாருங்கள் என்று என்னைத் தென்காசிக்கு விரட்டினாய். துரைசானிக்குச் சதகுப்பை என்று கடையில் சொன்னதுதான் தாமதம், தோட்டத்துத் துரைக்கு ஆண் குழந்தை என்று சாயங்காலத்துக்குள் சந்தை முழுக்கப் பேச்சு. நான் மறுக்கவில்லை. குழந்தைக்கு ஒரு பெயரும் வைத்துவிட்டுத்தான் வந்தேன்.

நானும் அந்தப் பாஷையில் கொடி நாட்டிவிடுவது என்று கிளம்பினேன். நீ அருவிக்குப் போயிருந்த சமயம் ஒரு கரண்டியைத் தூக்கிக்கொண்டு போய்த் துரைசானியிடம் கேட்டு மனப்பாடம் செய்தேன். நீ வந்ததும் சாம்பார்ச் சட்டியில் கிடந்த அகப்பையைச் சுட்டிக்காட்டி, சபையில் வேதம் ஓதுவதுபோல், “லோஷ்கா!” என்றேன்.

நீ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “அது லோஷ்கா இல்ல. லோஷ்கா சின்னது. இது பலோவ்னிக்.”

என் வீட்டு அகப்பைக்கு, என் பெண்டாட்டி, எனக்கே திருத்தம் சொன்னாள்!

இதையெல்லாம்கூடப் பொறுத்திருப்பேன். என்னை நிஜமாகவே அடித்தது வேறு ஒன்று. துரைசானி என்று கூப்பிடக் கூடாது, பெயர் சொல்லித்தான் கூப்பிடவேண்டும் என்று அவள் பிடிவாதம் பிடித்தாள். நீயும் உடனே, “நீனா, நீனா” என்று ஆரம்பித்துவிட்டாய். அடுப்படியிலிருந்து நீனா, கிணற்றடியிலிருந்து நீனா. அன்றைக்குத் தோசை தின்றுகொண்டிருந்தவன் தட்டைத் தள்ளிவைத்துவிட்டுக் கேட்டேன்.

“ஏட்டி, நேத்து வந்தவ பேரைச் சொல்லுத. சட்டி பேரைச் சொல்லுத. வாளிக்கு ரெண்டு பேரு சொல்லுத. எம்பேரை ஒருநாளாவது ஒன் வாயால சொல்லிருக்கியா?”

“நல்லா இருக்கே பேச்சு! புருசன் பேரைச் சொன்னா ஆயுசு கொறையும்னு தெரியாதாக்கும்?”

“வாளிக்குக் கொறையாதோ?”

“வாளிக்கு ஆயுசு கொறஞ்சா வேற வாளி வாங்கிக்கிடலாம்” என்றாய். “இன்னொரு தோசை போடவா?”

போடச் சொன்னேன். கோபம் வேறு, தோசை வேறு.

துரைசானிக்கு அந்த வழக்கம் எங்கே தெரியும்? ஒருநாள் நான் பின்கட்டில் கதவிடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒட்டுக்கேட்பது வேறு, என் வீட்டுக் கதவின் அருகில் என் காதை வைத்திருப்பது வேறு. அவள் என் பக்கம் கையைக் காட்டி, பெயர் என்ன என்று கேட்கிறாள். நீ தலையை ஆட்டுகிறாய். அவள் விடவில்லை. சட்டி பானைக்கெல்லாம் பெயர் உண்டு, வீட்டுக்காரனுக்கு இல்லையா என்று அவளுக்கு ஆச்சரியம். கடைசியில் நீ, நம் பெண்கள் எல்லாரும் செய்வதைச் செய்தாய். ரேஷன் கார்டுக்கு ஆள் வந்தாலும் கோயிலில் அர்ச்சனைக்குக் கேட்டாலும் பெயரைச் சொல்லாமல் எதையாவது காட்டுவீர்களே, அதை. சுவரில் மாட்டியிருந்த முருகன் படத்தில் அவர் கையிலிருந்த வேலின்மேல் விரலை வைத்தாய். என் பெயர் வேலாயுதம்.

தமிழ்ப் பெண் எவளும் அந்தக் கணமே புரிந்துகொண்டிருப்பாள். துரைசானி உற்று உற்றுப் பார்த்தாள். நீளமான காம்பு, மேலே கூரான முனை. உள்ளே ஓடிப்போய், தான் சாப்பிடுவதற்குக் கொண்டுவந்திருந்த முள்கரண்டியை எடுத்து வந்தாள். “வீல்கா?”

நீ அதைத் திருப்பிப் பார்த்தாய். காம்பு இருக்கிறது, கூர் இருக்கிறது. “ஆமா, அது மாதிரிதான்” என்று தலையாட்டினாய்.

சூரபத்மனை இரண்டாகப் பிளந்த ஆயுதத்தின் பெயரைத் தாங்கியவன், அன்றுமுதல் உருளைக்கிழங்கைக் குத்தும் சாமானாகிப் போனேன். “குட் மார்னிங், மிஸ்டர் வீல்கா” என்பாள் துரைசானி, முகத்தில் துளிச் சிரிப்பில்லாமல். நீ மட்டும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வாய். உன் முதுகு குலுங்கும்.

அதற்குச் சில நாள் கழித்து ஒரு சாயங்காலம். நீ அப்போதுதான் விளக்கேற்றியிருந்தாய். துரைசானி கிழிந்த பாவாடை ஓரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து, “இகோல்கா?” என்றாள். ஊசி. விளக்கு வைத்தபிறகு உப்பையும் ஊசியையும் வெளியே கொடுக்கக் கூடாது, பெயரைக்கூட வாயால் சொல்லக்கூடாது, லட்சுமி போய்விடுவாள். உன் சொந்தத் தங்கைக்கே நீ கொடுத்ததில்லை. நீ விளக்கைப் பார்த்தாய். பாவாடையைப் பார்த்தாய். பேசாமல் டப்பாவைத் திறந்து, “இகோல்கா” என்று சொல்லிக் கொடுத்துவிட்டாய்.

“ஏட்டி! விளக்கு வச்சாச்சு!” என்று கத்தினேன்.

“நான் என்னத்தக் குடுத்தேன்? இகோல்கால்லா குடுத்தேன்.”

“லட்சுமி கோவிச்சுக்கிட மாட்டாளா?”

“லட்சுமிக்கு ருசியா பாஷை தெரியாது.”

அந்தப் பதிலைக் கேட்டு நான் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். சட்டம் படித்த வக்கீல்கள் நூறுபேர் ஆயிரம் வருஷம் உட்கார்ந்து தேடினாலும் கிடைக்காத சந்து அது. “அப்படிச் சொல்லு! அப்ப எமனுக்கும் தெரியாதுல்லா? எனக்குந்தான் ருசியாவுல ஒரு பேரு இருக்கு. அதைச் சொல்லு. ஒரே ஒரு தடவ.”

நீ திரியைத் தூண்டிவிட்டுக்கொண்டே யோசித்தாய். நிஜமாகவே யோசித்தாய். அது எனக்குத் தெரியும். பிறகு சொன்னாய்: “லட்சுமி வீட்டோட இருக்கவ. எமன் அப்படியா? எல்லா ஊருக்கும் போறவன். அவனுக்கு எல்லாப் பாஷையும் தெரிஞ்சிருக்கும்.”

நான் உட்கார்ந்துவிட்டேன். அந்த இரவு சோற்றில் உப்பு இருந்ததா என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

ஆடியில் ஒருநாள் பெரிய அருவிக்குப் போனோம். உன்மேல் கோபம் ஆறவில்லை எனக்கு. நீயும் துரைசானியும் பெண்கள் பக்கத்துப் பாறையில் நின்றுகொண்டீர்கள். அவளுக்கு நீ குடையைப் பிடித்துக்கொண்டிருந்தாய். எனக்கு என்றாவது பிடித்தது உண்டா? நான் ஆண்கள் பக்கத்தில் ஆகக் கடைசியில், தண்ணீர் மொத்தமாக விழுகிற இடத்தில், உங்களுக்கு முதுகைக் காட்டித் தலையைக் கொடுத்துக்கொண்டு நின்றேன். மேலே மலையில் மழை பிடித்துவிட்டது நமக்குத் தெரியாது. தண்ணீர் செம்மண் நிறமாகத் திரும்பியிருக்கிறது. சத்தம் மாறியிருக்கிறது. எல்லாரும் ஓடுகிறார்கள். பெண்கள் அவரவர் வீட்டுக்காரரைக் கூப்பிடுகிறார்கள். எப்படிக் கூப்பிடுகிறார்கள்? “ஏங்க! இந்தாங்க! ஒங்களைத்தான்!” அத்தனை பேருக்கும் அதே பெயர். அருவி இரைச்சலில் என் காதிலும் அது விழுந்தது. எவனுடைய பெண்டாட்டியோ எவனையோ கூப்பிடுகிறாள் என்று நான் இன்னும் ஓரடி உள்ளே தள்ளி நின்றேன்.

“வீல்கா!”

துரைசானிக்கு என்ன அவசரம் என்று திரும்பினேன். துரைசானி இல்லை. நீ. பாறையின் விளிம்பில், கொண்டை அவிழ்ந்து, குடை எங்கேயோ போய், இரண்டு கையையும் வாய்க்குப் பக்கத்தில் குவித்துக்கொண்டு நின்றாய். “வீல்கா! வீல்கா!”

நான் ஓடி வந்தேன் என்று சொல்லமாட்டேன். பறந்து வந்தேன். நான் நின்ற இடத்தில், நான் நகர்ந்த மூச்சில், மேலேயிருந்து ஒரு மரம் வேரோடு வந்து விழுந்தது. என் வாழ்க்கையில் நான் பெருக்கிச் சொல்லாதவை மிகக் குறைவு. அந்த மரம் அவற்றில் ஒன்று.

நீ என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மண்டபத்துப் பக்கம் வந்ததும், பல் கிட்டிக்கொண்டிருந்த நிலையிலும் நான் சொன்ன முதல் வார்த்தை, “சொல்லிட்டியே!” என்பதுதான்.

“வாயை மூடுங்க” என்று என் ஈரமுதுகில் ஓங்கி ஒன்று வைத்தாய். அப்புறம் அழுதாய். அழுதுகொண்டே நேராகக் குற்றாலநாதர் சந்நிதிக்குப் போய் விளக்குப் போட்டாய். என்னை முன்னால் உட்காரவைத்து, சாமிக்கும் எனக்கும் நடுவில் நின்று, வாய்க்குள்ளேயே ஏதோ பேரம் பேசினாய். வெளியே வந்ததும் உன் முகம் தெளிந்திருந்தது.

“அது கணக்குல வராது.”

“ஏன் வராது?”

“அருவிச் சத்தத்துல எமனுக்குக் கேட்டிருக்காது.”

“எனக்குக் கேட்டுதே!”

“நீங்க அதுக்குன்னே காதைத் தீட்டிக்கிட்டுக் கெடந்தீக” என்றாய்.

 

சீசன் முடிந்து துரைசானி கிளம்பிய காலையில் சாமான்களை ஒப்படைத்தாள். அவள் ஒவ்வொன்றாக எடுத்து, “செம்பு”, “வாளி”, “தலகாணி” என்று சொல்லி உன் கையில் கொடுத்தாள். குத்துப்போணியைக்கூட அன்றைக்குத் தடுக்காமல் சொன்னாள். நீ ஒவ்வொன்றையும் அவள் பெயரில் வாங்கிக்கொண்டாய். கடைசியில் அந்தக் கரண்டி வந்தது. இரண்டு பேருக்குமே வாய் வரவில்லை. பெயர் சொல்லாமல் நம் வீட்டில் கைமாறிய ஒரே பொருள் அதுதான். அவள் உன்னைக் கட்டிக்கொண்டு நின்றாள். நான் வண்டி மாட்டுக்குப் புல் போட்டுக்கொண்டே பார்த்தேன். தின்ன முடியாத அளவுக்குப் போட்டுவிட்டேன் போலிருக்கிறது, மாடு என்னை ஒரு மாதிரி பார்த்தது.

அடுத்த வருஷம் அவள் வரவில்லை. யுத்தம் வந்தது. துரை தோட்டத்தை விட்டுவிட்டு அவளையும் கூட்டிக்கொண்டு கப்பலேறிவிட்டதாகச் செங்கோட்டையிலிருந்து செய்தி வந்தது. தென்காசி வீட்டு அடுப்படியில் நீ பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டே, யாரும் இல்லாத அரைச்சுவருக்குச் சொல்வதுபோல் அந்தப் பெயர்களை முணுமுணுப்பாய். யாரும் திருப்பிச் சொல்லமாட்டார்கள். ஒருநாள் பொறுக்கமாட்டாமல் நான் வாசலில் நின்று, “பலோவ்னிக்” என்றேன். நீ நிமிர்ந்து பார்த்தாய்.

“நீனா அப்படிச் சொல்லமாட்டா” என்றாய். “நாக்க மேல தூக்கிச் சொல்லணும்.”

பார்த்தாயா? அப்போதும் எனக்கு இரண்டாம் இடம்தான். இருந்தாலும் நாக்கைத் தூக்கினேன். அதிலிருந்து நம் வீட்டில் கரண்டி, தட்டு, ஜன்னல், சாவி எல்லாவற்றையும் நாம் இருவரும் அந்தப் பாஷையில்தான் கேட்டுக்கொண்டோம். கடலை எண்ணெய் வாசம் அடிக்கிற ருஷ்ய பாஷை. அவர்கள் அரண்மனையில்கூட அத்தனை சுத்தமாகப் பேசியிருக்கமாட்டார்கள் என்று நான் எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன். வீட்டில் இருந்த எல்லாவற்றையும் நீ சொன்னாய். என் ஒருவனைத் தவிர.

போன ஐப்பசியில் நீ படுத்துவிட்டாய். வெளியே அடைமழை. உன் தங்கை வந்து கூடவே இருந்தாள். காய்ச்சல் ஏறிய அந்தப் பிற்பகலில் நீ கண்ணை மூடிக்கொண்டே, “பதூஷ்கா” என்றாய்.

உன் தங்கை பயந்துபோய் என்னைப் பார்த்தாள். “அத்தான், அக்காவுக்குப் பிதற்றல் வந்துட்டு.”

“ஒனக்குத்தான் வந்துட்டு” என்றேன். “அவ தலகாணி கேக்கா.” எடுத்துத் தலைக்கு வைத்தேன். கொஞ்சநேரம் கழித்து, “அக்னோ” என்றாய். ஜன்னலைத் திறந்தேன். மழைவாசம் உள்ளே வந்தது. வைத்தியர் உன் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், உன் தங்கை சாமிபடத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நீ கேட்பது இன்னதென்று தெரிந்தவன், இந்த ஜில்லாவிலேயே, நான் ஒருவன். அந்த அரைநாள் எனக்கு யார்மேலும் பொறாமை இல்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

அவர்கள் இருவரும் வெளியே போன நேரத்தில் உன் பக்கத்தில் குனிந்து கேட்டேன். “எல்லாத்தையும் கூப்பிட்டாச்சு. எனக்கு இன்னும் மொறை வரலையாட்டி? எந்தப் பேரா இருந்தாலும் சரி.”

நீ கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாய். உதட்டோரத்தில் பழைய சிரிப்பு வந்தது.

“நீங்க இருக்கணும்லா” என்றாய்.

இருக்கிறேன். கோர்ட்டு அமீனா கூப்பிடுகிறான், தபால்காரன் கூப்பிடுகிறான், பழைய கூட்டாளிகள் தெருமுனையிலிருந்து கூப்பிடுகிறார்கள். ஒருத்தன் விடாமல் என் பெயரைச் சொல்கிறான், எனக்கு ஒன்றும் ஆவதில்லை. என் பெயரைச் சொல்ல இந்த ஊரில் ஆயிரம் வாய் இருக்கிறது. சொல்லாமல் இருக்க ஒரே ஒரு வாய்தான் இருந்தது.